பிராட்பேண்ட் கம்பெனி மாற்றினால் புது ஒயர் இழுக்க வேண்டுமா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நெட் கனெக்‌ஷனை மாற்றலாம் என்று பேச்செடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "மறுபடியும் சுவரில் ஓட்டை போடுவாங்களா?" என்பதுதான். கம்பெனிக்குப் போன் செய்து கேட்டால், "எல்லாம் எங்க ஆள் வந்து பார்த்துக்குவார் சார்" என்பார்கள். வருகிற ஆளும் நல்லபடியாகவே செய்துகொடுப்பார். ஆனால் பெட்டி (கம்பெனி தருகிற மோடம்) எந்த மூலையில் உட்கார வேண்டும், ஒயர் எந்த வழியாக வர வேண்டும் என்று நீங்கள் யோசித்து வைக்கவில்லை என்றால் அந்த முடிவை அவரே எடுப்பார். அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும்.

சுருக்கமான பதில் இது. தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வருகிற ஒயர் கம்பெனியுடையது. கம்பெனி மாறினால் பெரும்பாலும் அதுவும் மாறும். வீட்டுக்குள் ஓடுகிற ஒயர் உங்களுடையது. அதை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிட்டால் எத்தனை கம்பெனி மாறினாலும் தொட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

நெட் மெதுவாக இருக்கிறது என்று கம்பெனி மாற்றுபவர்களில் பலருக்குக் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரடியாகப் பெட்டியில் சொருகி வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிவாக்கில் ஒருமுறை. இரண்டு வேளையும் பிளானில் சொன்ன வேகம் வந்தால் கம்பெனி மேல் தப்பில்லை, வைஃபை எட்டவில்லை என்று அர்த்தம். புதுச்சேரியின் பழைய வீடுகளில் இது ரொம்பவே சகஜம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். பெட்டி திண்ணையை ஒட்டிய முன் அறையில் இருக்கும், பிள்ளைகள் முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். புதுக் கம்பெனிக்காரரும் அதே முன் அறையில்தான் பெட்டியை மாட்டுவார். ஒரு மாற்றமும் தெரியாது.

காலையில் நன்றாக வந்து, இரவில் மட்டும் லேன் கேபிளிலேயே வேகம் விழுகிறதா? அப்படியானால் கோளாறு வெளியே. ஒரு ஃபைபர் இழையை (ஒளியில் நெட் கொண்டுவருகிற கண்ணாடி இழை) ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் பரவலாக இருக்கிற ஜிபான் முறையில் அந்த ஓர் இழைக்கு இறங்கும் வேகம் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். (2,500 எம்.பி.பி.எஸ்.) உண்டு. அது அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகாது. பெரும்பாலும் உள்ளூர் ஆபரேட்டர் மேலே இருந்து வாங்குகிற கொள்ளளவு இரவுக் கூட்டத்துக்குப் போதாமல் இருக்கும். இதற்காகக் கம்பெனி மாற்றுவது நியாயம்தான்.

மழை பெய்தால் போன் கரகரக்கிறது, நெட் விட்டு விட்டு வருகிறது என்றால் உங்களுடையது இன்னும் பழைய தாமிரக் கம்பி லைன். கடற்காற்று படுகிற ஊரில் தாமிர ஜாயின்ட்டுகள் பச்சை பூத்து அரித்துப்போகும். ஒவ்வொரு ஜாயின்ட்டாகச் சரிசெய்து கொண்டிருப்பதைவிட ஃபைபருக்கு மாறிவிடுவதே மேல்.

வெளி ஒயர் எப்போது புதிதாக வரும்

தாமிரத்திலிருந்து ஃபைபருக்குப் போனால் கட்டாயம் புது ஒயர். ஒன்று மின்சாரத்தைக் கடத்துகிற உலோகக் கம்பி, மற்றது ஒளியைக் கடத்துகிற கண்ணாடி இழை. பி.எஸ்.என்.எல். தாமிர லைனிலிருந்து பி.எஸ்.என்.எல். ஃபைபருக்கே போனாலும் இதேதான். ஆனால் பழைய ஒயரைப் பிடுங்கி எறியாதீர்கள். அது சுவருக்குள் பைப்பில் ஓடினால், அதன் முனையில் புது ஒயரைச் சேர்த்துக் கட்டி மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் புதியது அதே வழியில் வந்துவிடும். பழையது பைப்புக்குள் தாராளமாக அசைகிறதா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள். சிக்கிக்கொண்டிருந்தால் பலம் போட்டு இழுக்கக் கூடாது, உள்ளே இருக்கிற கண்ணாடி இழை முறிந்துவிடும்.

ஒரு ஃபைபர் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் பொதுவாகப் புது ஒயர்தான். கம்பத்தில் தொங்குகிற பெட்டியும் ஸ்பிளிட்டரும் அந்தந்தக் கம்பெனிக்குச் சொந்தம், அடுத்தவர் அதில் கை வைக்க மாட்டார். ஓட்டை மட்டும் பழசே போதும். ஃபைபர் ஒயர் மெலிசானது, ஏற்கெனவே கேபிள் டி.வி. ஒயரோ ஏ.சி. குழாயோ போகிற துவாரத்தில் சேர்ந்து நுழைந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, நம் ஊர்களில் அது அடிக்கடி வரும். கேபிள் டி.வி. கொடுப்பவரே நெட்டும் கொடுக்கிறார், ஒரே ஆள் இரண்டு கம்பெனிக்கு ஏஜென்சி வைத்திருக்கிறார். பி.எஸ்.என்.எல். ஃபைபரும் பல தெருக்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலமாகத்தான் வருகிறது. அவரிடமே ஒரு கனெக்‌ஷனை விட்டு மற்றதற்கு மாறினால், உங்கள் வீட்டுக்கு வருகிற அதே இழையைக் கம்பத்தில் வேறு ஸ்பிளிட்டரில் சேர்த்துக் கொடுக்க முடியும். "அண்ணே, இருக்கிற ஃபைபரையே மாத்தி அடிச்சுக் கொடுக்க முடியுமா, புதுசா இழுக்கணுமா?" என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏர்ஃபைபர் என்ற பெயரில் ஜியோவும் ஏர்டெல்லும் தருவது 5ஜி டவரிலிருந்து காற்றில் வருகிற நெட். தெருவிலிருந்து ஒயர் வராது. ஆனால் ஒயரே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் மொட்டைமாடியில் ஒரு கருவியை மாட்டி, அதிலிருந்து ஒரு கேபிளை வீட்டுக்குள் இறக்குவார்கள். ஃபைபர் எட்டாத கிராமத்துக்கும், சுவரைத் தொடக்கூடாது என்று சொல்கிற வாடகை வீட்டுக்கும் இது நல்ல வழி. தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபரையே எடுங்கள் என்பது என் கருத்து. மாலை வேளையில் டவரில் கூட்டம் சேர்ந்தால் காற்றில் வருகிற வேகம் ஏறி இறங்கும். அப்புறம், நம் கரையோரத்தில் மொட்டைமாடியில் மாட்டுகிற எதுவும் புயலுக்குத் தாங்குகிற கிளாம்ப்பில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் உங்கள் தெருவில் இருக்கிறார்கள்?

பின்கோடு போட்டுப் பார்த்தால் 'கிடைக்கும்' என்று எல்லா ஆப்பும் சொல்லும். அதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், கம்பங்களில் தொங்கும் கறுப்புப் பெட்டிகளில் கம்பெனி பெயர் எழுதியிருக்கும். பாகூர்ப் பக்கம் புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் வருகின்றன, ஆகவே சட்டப்படி தடையில்லை. ஆனால் மின்கம்பங்கள் இரண்டு அரசுகளுடையவை. எந்தக் கம்பெனியின் ஃபைபர் எந்தக் கம்பம் வரை வந்திருக்கிறது என்பதுதான் உங்கள் வீட்டுக்கான பதில்.

அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். வேகத்தைப் பற்றிக் கேட்பதைவிட, "லைன் அறுந்தா எத்தனை நாள்ல வர்றாங்க?" என்று கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து பேய்மழை கொட்டியதே, அதற்குப் பிறகு யார் லைன் எப்போது திரும்பி வந்தது என்று கேட்டாலே போதும். அது எந்த விளம்பரத்திலும் இருக்காத தகவல்.

விலையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். விளம்பரத் தொகையோடு 18% ஜி.எஸ்.டி. சேரும். 499 என்றால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். தெரியாத கம்பெனி என்றால் முதலில் குறைந்த காலத்துக்கு எடுத்துப் பார்ப்பதே நல்லது.

வீட்டுக்குள் ஒயர்

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான், ஏனென்றால் பலரும் யோசிக்காமல் விடுவதும் இதுதான்.

இரண்டு அறை வீடு என்றால் ஃபைபரை நேராக நடு ஹாலுக்குக் கொண்டுவந்து பெட்டியை அங்கேயே மாட்டச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. நீளமான வீடு, மாடி வீடு, முற்றம் வைத்த வீடு என்றால் வேறு ஏற்பாடு வேண்டும். வாசலுக்கு அருகில், மழை படாத, பிளக் பாயின்ட் இருக்கிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கம்பெனி வந்தாலும் அவர்கள் ஒயர் அங்கே வந்து முடிய வேண்டும். அங்கிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு உங்கள் செலவில் ஒரு லேன் கேபிள் போட்டு, அதன் முனையில் உங்களுக்குச் சொந்தமான, வைஃபை பரப்புகிற ரூட்டரை வையுங்கள். நாளைக்குக் கம்பெனி மாறினால் வாசல் பக்கத்துப் பெட்டி மட்டும் மாறும். உள்ளே ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க வேண்டாம்.

முற்றம் வைத்த வீட்டில் ரூட்டரை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், சாரல் அடிக்காத இடமாக வைத்துப் பாருங்கள். சுவரைத் துளைக்கத் திணறுகிற சிக்னல் திறந்த வெளியில் தாராளமாகப் போகும்.

லேன் கேபிள் வாங்கும்போது கேட்-6 என்று கேளுங்கள். கேட்-5இ கூட 100 மீட்டர் வரை 1 ஜி.பி.பி.எஸ். தாங்கும். ஏற்கெனவே வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டாம். ஆனால் சுத்தத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், அது சீக்கிரம் உடையும், நம் உப்புக் காற்றில் முனைகளும் சீக்கிரம் கெடும். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே லேன் கேபிளையும் திணிக்கச் சொல்லாதீர்கள். அது ஆபத்து, தனிப் பைப் வேண்டும்.

பழைய லேன் கேபிள் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய அறிகுறி உண்டு. 200 எம்.பி.பி.எஸ். பிளான் எடுத்திருக்கிறீர்கள், சோதனையில் வேகம் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டுதான் இணைந்திருக்கின்றன, அல்லது ரூட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் தாங்காத பழைய ரகம். முனையில் புது ஜாக் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும். கம்பெனியைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆள் வரும் முன்பே ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் அசோசியேஷனிடம் டக்ட் (மாடிகளுக்கு ஒயர், குழாய் ஏறுகிற பொது வழி) வழியாக ஒயர் ஏற்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

ஆள் வரும் நாள்

ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். நனைந்த கம்பத்தில் யாரையும் ஏறச் சொல்லக் கூடாது, அவர்களும் ஏற மாட்டார்கள்.

ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் நீங்களும் கூடவே நில்லுங்கள். ஓட்டை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். ஒயர் நேராக ஓட்டைக்குள் போகாமல், ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டுப் பிறகு மேலேறி நுழைய வேண்டும். மழைநீர் ஒயரோடு வழிந்து வந்தாலும் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் இறங்காது. பிறகு எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம். மின்வாரிய சர்வீஸ் ஒயரோடு சேர்த்துக் கட்டுவதற்கு விடாதீர்கள். மரக்கிளையில் உரசிக்கொண்டு வந்தால் காற்று நாளில் அறும், அணில் கடிக்கவும் வசதி. மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்.

ஃபைபரை லேன் கேபிள் மாதிரி சுவர் மூலையில் மடக்கிக் கிளிப் அடிக்கக் கூடாது. தேநீர் டம்ளரின் வாயளவு வட்டத்துக்குக் குறையாமல் வளையட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் முனை உடைந்தாலோ பெட்டியை இடம் மாற்ற நேர்ந்தாலோ அந்த மிச்சம் கைகொடுக்கும். முனையில் கனெக்டரை அப்படியே சொருகி அமுக்குகிற ஒரு முறை இருக்கிறது. மெஷினில் உருக்கி ஒட்டுகிற ஸ்பிளைசிங் அதைவிட நீடித்து உழைக்கும். மெஷின் கொண்டுவந்திருந்தால் அதையே செய்யச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும், "தம்பி, பவர் எவ்வளவு வருது, மீட்டர்ல காட்டுங்க" என்று கேளுங்கள். சின்ன மீட்டரில் மைனஸ் போட்டு ஓர் எண் தெரியும், அலகு டி.பி.எம். சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்க இருக்க ஒளி பலமானது. மைனஸ் 18 முதல் 23 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 25-ஐத் தாண்டினால் எங்கோ மடிப்போ மோசமான ஒட்டோ இருக்கிறது, அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 27-க்கு அப்பால் போனால் பெட்டி தடுமாற ஆரம்பிக்கும். அன்றைக்கு வந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து லைன் தகராறு செய்யும்போது ஒப்பிட்டுக் காட்டலாம். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும்.

பச்சை முனை, நீல முனை என்று ஃபைபர் கனெக்டர்களில் இரண்டு வகை உண்டு. பச்சை சாய்வாகச் சீவியது, நீலம் அப்படிச் சாய்க்காதது. ஒன்றை மற்றொன்றில் சொருகினால் ஒளி வீணாகும், முனையும் கெடும். பழைய பெட்டியின் பேட்ச் கார்டை (பெட்டியில் சொருகுகிற சின்ன ஃபைபர் ஒயர்) வைத்து நீங்களாகப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்றாலும் கண்ணைப் பாதிக்கலாம். வேலை முடிந்ததும் தரையில் மயிரிழை அளவுக் கண்ணாடித் துணுக்குகள் கிடக்கும். செல்லோ டேப்பை ஒற்றி ஒற்றி எடுத்துவிடுங்கள், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம்.

பழைய பொருள்களை என்ன செய்வது

கம்பெனி கொடுத்த பெட்டி பெரும்பாலும் அடுத்த கம்பெனியின் லைனில் வேலை செய்யாது. சொந்தமாக வாங்கிய வைஃபை ரூட்டரில் லேன் கேபிள் நுழைகிற 'வான்' போர்ட் இருந்தால் எந்தக் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். போன் ஒயர் மட்டும் நுழைகிற பழைய டி.எஸ்.எல். மோடம் ஃபைபருக்கு உதவாது.

புது ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். டி.வி., பிரிண்டர், அப்பாவின் போன், கேமரா என்று எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோ ரூட்டரின் உள் முகவரி 192.168.29.1, பல மற்ற ரூட்டர்களில் அது 192.168.1.1. ரெக்கார்டருக்கு இந்த வரிசையில் மாறாத முகவரி (நிரந்தர ஐ.பி.) கொடுத்திருந்தால் ரூட்டர் மாறியதும் அது காணாமல் போகும். கேமரா போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னால் சில நிமிடங்களில் மாற்றித் தருவார்.

லேண்ட்லைன் விஷயம் கொஞ்சம் பெரியது. 0413-இலோ 04142-இலோ தொடங்குகிற எண்ணை இருபது முப்பது வருடமாக வைத்திருக்கிறவர்கள் அதை விட மனசில்லாமல் தயங்குகிறார்கள், அது நியாயமான தயக்கம். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துச் செல்லும் வசதி நம் நாட்டில் இல்லை. ஆனால் பி.எஸ்.என்.எல். தாமிர லைனிலிருந்து அவர்களுடைய ஃபைபருக்கே மாறினால் அதே எண்ணைத் தொடரக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், பழைய லைனைச் சரண்டர் செய்த பிறகு கேட்டால் சிக்கல். புதுப் பெட்டியின் பின்னால் போன் போர்ட் இருக்கும். வீட்டுக்குள் ஓடுகிற பழைய போன் ஒயரை அதில் சேர்த்தால் எல்லா அறையிலும் பழைய போன்களே மணியடிக்கும். சேர்க்கும் முன், வெளியிலிருந்து வருகிற பழைய தாமிர லைனை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பெட்டி கெடும்.

தாமிர லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் போனில் அது நடக்காது. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடு என்றால் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்றும், எத்தனை ஆம்பியர் என்றும் எழுதியிருக்கும், அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும்.

பழைய கனெக்‌ஷனை நிறுத்துவது

புதியது வந்த அன்றே பழையதை வெட்டாதீர்கள். இரண்டும் ஒரு வாரம் சேர்ந்து ஓடட்டும். அதற்குள் ஒரு நல்ல மழையும் பெய்துவிட்டால் இன்னும் நல்லது. அப்புறம் பழைய கம்பெனிக்கு ஆப்பிலோ மெயிலிலோ எழுத்தில் சொல்லுங்கள். பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள். வாங்க வந்தவர், "ரசீது அப்புறம் மெசேஜ்ல வரும்" என்றால், பெட்டியின் சீரியல் எண் தெரிகிற மாதிரி அவர் முன்னாலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.யில் ஆட்டோபே போட்டிருந்தால் அதை நீங்களே ரத்து செய்யுங்கள், கனெக்‌ஷனை நிறுத்தினால் அதுவும் தானாக நிற்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

டெபாசிட் வரவில்லை, நிறுத்திய பிறகும் பில் வருகிறது என்றால் முதலில் கம்பெனியின் புகார் எண்ணில் பதிவு செய்து, அந்தப் புகாருக்குத் தருகிற டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், டாக்கெட் எண்ணும் ரசீதும் கையில் இருக்கட்டும்.